சிங்கிள்ஸ் கூரையில் கரும்பாசி: பிரஷர் வோஷர் இல்லாமல் எப்படிக் கழுவுறது?

தெஹிவளை வளவு:

வணக்கம். இரண்டு மாடி வீடு, மேல் கூரை அஸ்பால்ட் சிங்கிள்ஸ் (தாரில செய்து மேலே கல்மணி ஒட்டின மெல்லிய ஓடு). மொத்தம் 800 சதுர அடியளவு, சரிவு 25 பாகை வரும். ஒரு பக்கச் சரிவுக்குப் பக்கத்து அப்பார்ட்மென்ட் நிழல். அதோட எங்கட மாமரத்தின்ர கொப்பும் மேலே நிக்குது. அந்தப் பக்கத்து 400 சதுர அடியிலும் முகட்டிலிருந்து பீலி வரைக்கும் கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கு. மாமரத்துக்குக் கீழே பச்சைப் பாசி குத்துக் குத்தாய் முளைச்சு, சில சிங்கிள்ஸ் விளிம்பைத் தூக்கியும் விட்டிட்டுது. மற்றப் பக்கம் சுத்தம்.

குசினிக்கு மேலே மட்டும் பழைய அஸ்பெஸ்டஸ் சீற். அதுவும் கறுத்துப்போச்சு.

வளவுக்குள்ள திறந்த கிணறு இருக்கு. குடிக்கிறதில்லை, குளிக்கவும் மரங்களுக்கு விடவும் எடுக்கிறம். பீலித் தண்ணியில ஒரு பங்கு மழைநீர் டாங்கிக்குப் போகுது.

பார்க்க வந்த மேசன் பாஸ் பிரஷர் வோஷர் பிடிச்சால் ஒரே நாளில முடிஞ்சிடும், சீற்றையும் சேர்த்து அடிச்சு விடலாம் எண்டு சொல்றார். சிங்கிள்ஸுக்கு அது கூடாது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். அப்ப எதை, எவ்வளவு, எப்ப அடிக்கிறது? ஹாட்வெயார் கடையில கிடைக்கிற டீ.சீ.எல் குளோரின் பவுடர் சரிவருமா?

முகட்டோடு:

பிரஷர் வோஷர் வேண்டாம். பாஸ் எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் வேண்டாம். சிங்கிள்ஸின் மேலே ஒட்டியிருக்கும் கல்மணிகள்தான் கீழே இருக்கும் தாரை வெயிலிலிருந்து காக்கின்றன. வீட்டுக்குப் பாவிக்கும் சின்ன வோஷரே 1000 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் அழுத்தம்) மேல் அடிக்கும். அந்த வேகத்தில் பாசியோடு கல்மணியும் சேர்ந்து போய்விடும். கழுவிய அன்று கூரை அழகாகத் தெரியும். ஆனால் தார் வெளியே வந்த இடங்கள் எங்கள் ஊர் வெயிலில் கெதியாகக் காய்ந்து வெடிக்கும். தண்ணீர் விளிம்புக்குக் கீழே ஏறி, சிங்கிள்ஸை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பசைக் கோட்டையும் விடுவித்துவிடும். கூரைக்கு உத்தரவாதப் பத்திரம் இருந்தால் எடுத்து வாசியுங்கள். பிரஷர் வோஷர் பிடித்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல கம்பனிகள் எழுதியிருக்கின்றன.

முதலில் அந்தக் கறுப்பு பாசிதானா என்று பாருங்கள். ஏணியில் நின்று எட்டக்கூடிய ஒரு இடத்தில், சாதாரண பிளீச்சும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து சில துளி விடுங்கள். பாசி என்றால் சில நிமிடத்தில் நிறம் வெளிறத் தொடங்கும். இருபது நிமிடம் கழிந்தும் மாறாவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் அது கல்மணி உதிர்ந்து வெளியே வந்த தார். அதை எந்த மருந்தாலும் கழுவ முடியாது. பீலிக்குள் கரும் மணல் நிறையச் சேர்ந்திருப்பதும் அதற்கு அடையாளம்.

கோடாக இறங்கும் கறுப்பு பெரும்பாலும் குளோயோகாப்சா மாக்மா என்ற நீலப்பச்சை அல்கா. சிங்கிள்ஸ் தாருக்குள் நிரப்பியாகப் போடும் சுண்ணாம்புக்கல் தூள்தான் அதற்குச் சாப்பாடு. தன்னை வெயிலிலிருந்து காப்பாற்ற அது கறுப்பு உறை கட்டிக்கொள்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரிவது அந்த உறை. வெளிநாட்டுக் குறிப்புகளில் வடக்குச் சரிவில்தான் வரும் என்று போட்டிருப்பார்கள். கொழும்பில் சூரியன் வருடத்தில் பல மாதம் உச்சிக்குக் கிட்டவே போவதால் வடக்கு, தெற்கு வித்தியாசம் சிறியது. இங்கே தீர்மானிப்பது மரநிழலும் பக்கத்துக் கட்டட நிழலும். உங்கள் கூரையில் ஒரு பக்கம் மட்டும் கறுத்ததற்கு அதுதான் காரணம். ஆகவே கழுவுவதற்கு முன் மாமரக் கொப்பைக் கூரையிலிருந்து ஆறடியாவது விலகும்படி வெட்டுங்கள். அதைச் செய்யாமல் கழுவினால் பாசி விரைவிலேயே திரும்ப வந்து நிற்கும்.

மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவ பிளீச். கூரையில் விழும்போது 3 வீதம் இருந்தால் போதும். இரசாயனக் கடைகளில் கானில் வருவது 10 முதல் 12 வீதம். 10 வீதம் என்றால் 3 பங்கு பிளீச்சுக்கு 7 பங்கு தண்ணீர். சுப்பர்மார்க்கெட் போத்தல் ஏறத்தாழ 5 வீதம். அதில் பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டரை வருகிறது, கறுப்புக்கு அதுவும் வேலை செய்யும். கான் வாங்கும்போது எப்போது நிரப்பியது என்று கேளுங்கள். வெக்கையில் வைத்த பிளீச் தானாகவே வீரியம் இழக்கும். கடை வாசலில் வெயில்பட்டு நின்ற கானை எடுக்க வேண்டாம்.

அளவு: ஒரு சதுர மீற்றருக்கு 700 மில்லிலீற்றர் கலவை. உங்கள் 400 சதுர அடி ஏறத்தாழ 37 சதுர மீற்றர், அதற்கு 26 லீற்றர். காயும் இடங்களுக்குத் திருப்பி அடிக்கவும் சேர்த்து 30 லீற்றர் வையுங்கள். 16 லீற்றர் முதுகு ஸ்பிரேயரில் இரண்டு தடவை: ஒவ்வொரு தடவையும் பத்தரை லீற்றர் தண்ணீர், அதன் மேல் நாலரை லீற்றர் பிளீச். சரிவில் வழியாமல் பிடித்து நிற்க, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி. எலுமிச்சை அமிலமோ வினாகிரியோ சேர்த்த திரவம் வேண்டாம். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். டொய்லட் கழுவும் அமிலத்தையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். களைகொல்லி அடித்த ஸ்பிரேயரும் கூடாது. நொசில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், பித்தளை அரித்துப்போகும்.

நேரம் விடியக் காலை, ஆறரை முதல் ஒன்பது மணிக்குள். பிறகு இரண்டு சிக்கல். கூரை சூடாகி மருந்து பத்து நிமிடத்திலேயே காய்ந்துவிடும், காய்ந்த பிளீச்சால் வேலை இல்லை. கடற்காற்றும் எழும்பி, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் கொண்டுபோய் மருந்தைத் தெளிக்கும். மாதம் என்றால் ஜனவரி, பெப்ரவரி. மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமழை இருக்கிறது. மேயில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிடும்.

அடிக்கும் முறை: கூரையை முதலில் நனைக்க வேண்டாம், மருந்து ஐதாகிவிடும். நனைக்க வேண்டியவை சுவர், ஜன்னலின் அலுமினியச் சட்டம், கீழே இருக்கும் மரஞ்செடிகள். ஏணியிலோ சாரத்திலோ நின்று, நீளமான குழாயால் கீழிருந்து மேலாக அடியுங்கள். மேலிருந்து தொடங்கினால் மருந்து காய்ந்த இடத்தில் கோடுகோடாக ஓடி, அந்தக் கோடு பிறகும் தெரியும். பதினைந்து முதல் இருபது நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள், காய்கிற இடத்தில் லேசாகத் திருப்பித் தெளியுங்கள். அதற்குமேல் விட வேண்டாம். பிறகு சாதாரண தோட்டத்து ஹோஸால், முகட்டிலிருந்து கீழ்நோக்கி மட்டும், நன்றாக அலசுங்கள். தண்ணீரைக் கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால் விளிம்புக்குள் ஏறிச் சீலிங்கில் இறங்கும்.

கறுப்பு அன்றே போய்விடும். பச்சைப் பாசி அன்றே போகாது, போகவும் கூடாது. அது வெள்ளையாகி, பிறகு மண்ணிறமாகிச் செத்து நிற்கும். கையால் பிடுங்கினால் அதன் நார் பிடித்திருக்கும் கல்மணிகளும் கூடவே வரும். அப்படியே விடுங்கள். அடுத்த மழைகளில் தானாகக் கழன்று போகும். தடித்த குத்துகளுக்கு இரண்டு கிழமை கழித்து இன்னொரு தடவை அடியுங்கள். அதற்கும் மிஞ்சி நிற்பதை மென்மையான தும்புள்ள நீளப்பிடித் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தள்ளலாம். பக்கவாட்டாகவோ மேல்நோக்கியோ தேய்க்க வேண்டாம். தூக்கிய விளிம்புகளைப் பாசி போனபின் பாருங்கள். தானாகப் படியாதவற்றுக்கு அடியில், நாணயக்குற்றி அளவு கூரைத் தார்ப்பசை இரண்டு இடத்தில் வைத்து அழுத்தினால் சரி.

குசினிச் சீற்:

'முகட்டோடு' சிங்கிள்ஸைப் பற்றிச் சொன்னதோட எனக்குப் பிணக்கில்லை. அந்த அஸ்பெஸ்டஸ் பகுதியை மட்டும் தனியாய் எடுத்துக் கதைக்க வேணும். "சேர்த்து அடிச்சு விடலாம்" எண்டு சொல்ற ஆளைச் சீற்றுக்குக் கிட்டவும் விடாதேங்கோ.

பழைய சீற்றின்ர மேல் சீமெந்து மழையில கரைஞ்சு, நார் வெளியில நிக்கும். பிரஷர் வோஷர் அந்த நாரைக் கிழிச்சுச் சேறோட சேர்த்து உங்கட சுவரிலயும் பக்கத்து வளவிலயும் அப்பிவிடும். ஈரமாய் இருக்கிறவரை பிரச்சினை தெரியாது. காய்ஞ்சு தூசியானால் அதைத்தான் சுவாசிக்கிறியள். உலர்ந்த தும்புத்தடியால தேய்க்கிறதும் இதே அளவுக்குப் பிழை.

சீற்றில செய்யக்கூடியது ஒண்டுதான்: மருந்தை மெதுவாய்த் தெளிச்சுப் பாசியைச் சாகவிட்டு, மிச்சத்தை மழைக்கு விடுறது. பென்சல்கோனியம் குளோரைட் எண்டு கேளுங்கோ, பாசியைக் கொல்லுற கிருமிநாசினி அது. 50 வீதச் செறிவில கிடைச்சால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணி, அதாவது 1 வீதம். காய்ஞ்ச சீற்றில, அடுத்த 24 மணித்தியாலம் மழை வராத நாளில தெளியுங்கோ. அலச வேண்டாம். வேலை மெதுவாய்த்தான் நடக்கும், நிறம் மாற வாரக்கணக்காகும்.

சீற்றில ஏற வேண்டாம். பழைய சீற் மேலே திடமாய்த் தெரியும், ஆனால் ஆள் பாரத்துக்குச் சடாரெண்டு உடையும். ஆணி வரிசைக்கு நேர் கீழே சலாகை இருக்கெண்டு அதில மிதிச்சுப் போறவை இருக்கினம். பாசி வழுக்கி ஒரு அடி விலகினால் ஆள் குசினிக்குள்ளதான். ஏணியில நிண்டே எட்டும், குசினிக் கூரை பெரும்பாலும் அவ்வளவு அகலமில்லை.

சீற்றுப் பீலியில இருக்கிற சேற்றையும் காயவிட்டு அள்ளாதேங்கோ. தண்ணி தெளிச்சு, ஈரமாய், சின்னக் கரண்டியால அள்ளி, தடிச்ச பொலித்தீன் பை இரண்டுக்குள்ள போட்டுக் கட்டுங்கோ. துணி முகக்கவசம் இதுக்குக் காணாது, நுண்தூசியை வடிக்கிற பீ2 தரக் கவசமாவது வேணும். சீற்றில வெடிப்பு இருந்தாலோ, தொட்டால் விளிம்பு உதிர்ந்தாலோ கழுவுற கதையை விட்டிட்டு மாத்துறதைப் பற்றி யோசியுங்கோ.

தெஹிவளை வளவு:

இரண்டு பேருக்கும் நன்றி. பாஸிடம் வோஷர் வேண்டாம் எண்டு சொல்லிட்டன், அவர் கையால அடிக்கச் சம்மதம். இப்ப மிச்சக் கேள்விகள். கிணத்துக்கும் டாங்கிக்கும் என்ன செய்யிறது? டீ.சீ.எல் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. கிணத்துக்கே அதைத்தானே போடுறம், அப்ப அது பாதுகாப்பு இல்லையா? இன்னொரு ஆள் மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) கரைச்சு அடிச்சால் திரும்ப முளைக்காது எண்டு சொன்னார்.

கிணற்றடி:

டீ.சீ.எல் என்பது சுண்ணாம்போடு சேர்ந்த குளோரின். கிணற்றுக்குப் போடுவது மிகச் சிறிய அளவு. கூரைக்கு 3 வீதம் வேண்டுமென்றால் 15 லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ கரைக்க வேண்டிவரும், பவுடரில் 30 வீதம் குளோரின் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால். அதில் ஒரு பெரிய பங்கு கரையாத சுண்ணாம்பு. ஒரு இரவு அடைய விட்டு, தெளிந்த நீரை மட்டும் துணியால் வடித்தெடுத்தாலும் நொசில் அடைக்கும். கல்மணிகளுக்கு இடையில் வெள்ளைப் படிவும் நிற்கும். கறுப்புக் கோட்டைக் கொடுத்து வெள்ளைக் கோட்டை வாங்கும் வேலை அது. களிமண் கலிகட் ஓட்டில் வேறு வழியில்லாவிட்டால் செய்யலாம். சிங்கிள்ஸில் வேண்டாம்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும், உண்மை. ஆனால் அந்தச் செப்பு நீர் அலுமினியப் பீலியையும் தகரத்தையும் ஆணியையும் அரிக்கும், சுவரில் நீலக்கறை போடும். கிணற்று வளவில் அதை நினைக்கவே வேண்டாம். குளோரின் வெயிலிலும் மண்ணிலும் பட்டு அழிந்துவிடும், செப்பு அழியாது. உப்புக் கரைத்து ஊற்றச் சொல்பவர்களும் இருப்பார்கள். அது ஆணியை அரிக்கிறது, பாசிக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

'குசினிச் சீற்' சொன்ன பென்சல்கோனியம் பற்றி ஒரு எச்சரிக்கை. அலசாமல் விடுவதுதான் அதன் முறை. ஆகவே பின்னால் வரும் ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கும். மீனுக்கும் தவளைக்கும் அது கடும் நஞ்சு. குசினிச் சீற்றின் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகிறதென்றால், அடிக்க முன்பே அந்தப் பீலியின் வழியைத் திருப்புங்கள். சிங்கிள்ஸுக்கு 'முகட்டோடு' சொன்ன பிளீச்தான் கிணற்றுக்கு நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். முதல் நாளே டவுன்பைப்பை டாங்கியிலிருந்து கழற்றி, ஒரு நீளக் குழாயால் 200 லீற்றர் பரலுக்கு விடுங்கள். கிணற்று வாயைத் தடித்த பொலித்தீனால் மூடி ஓரத்தில் கல் வையுங்கள். மருந்து வழிவதும் முதல் அலசலும் பரலுக்குள் வரட்டும். அதுதான் வீரியமான பகுதி. மீன்தொட்டிக் கடைகளில் குளோரின் எடுக்க விற்கும் பளிங்கு, சோடியம் தயோசல்பேற்று, பரலுக்குள் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். நீச்சல்குளக் கடையில் கிடைக்கும் சோதனைக் கீலம் பூச்சியம் காட்டும்வரை போட்டுவிட்டு, கிணற்றிலிருந்து தள்ளி ஊற்றலாம். டாங்கிக் குழாயை உடனே பூட்ட வேண்டாம். இரண்டு மூன்று பெருமழை கூரையைக் கழுவி, தண்ணீர் நிறமும் மணமும் இல்லாமல் வந்தபிறகு பூட்டுங்கள். சீற்றுத் தண்ணீரும் அந்த டாங்கிக்குப் போகிறதென்றால் அந்தக் குழாயை நிரந்தரமாகவே வேறு வழியில் விடுங்கள்.

கறிவேப்பிலை, மல்லிகை போன்றவற்றுக்கு மருந்து அடிக்க முன்பும், அடிக்கும்போதும், பின்பும் நிறையத் தண்ணீர் விடுங்கள். ஈரத்தில் ஊறிய இலையும் மண்ணும் மருந்தைக் குறைவாகத்தான் உறிஞ்சும். பொலித்தீனால் மூடினால் வேலை முடிந்தவுடன் எடுத்துவிடுங்கள். வெயிலில் மூடிக்கிடந்தால் பிளீச்சை விட வெக்கையே செடியைக் கொன்றுவிடும்.

முகட்டோடு:

திரும்ப முளைக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது என்பதால் சேர்க்கிறேன். முகட்டுக்குக் கீழே, இரு சரிவிலும் இல்லாவிட்டாலும் நிழற்சரிவிலாவது, சிங்க் தகட்டுப் பட்டி ஒன்று போடலாம். முகட்டு சிங்கிள்ஸுக்கு அடியில் செருகி, குறைந்தது இரண்டு அங்குலம் வெளியே தெரியும்படி. ஒவ்வொரு மழையிலும் மிகச் சிறிதளவு சிங்க் கரைந்து கீழே ஓடும். அல்காவும் பாசியும் அதில் முளைக்கத் தயங்கும். புகைபோக்கிக்கோ வென்ட் தகட்டுக்கோ நேர் கீழே கூரை சுத்தமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அதே காரணம்தான். பலன் சரிவில் 12 அல்லது 15 அடிவரை தெரியும், அதன் கீழ் குறைந்துகொண்டு போகும். கடலுக்குக் கிட்டவாக இருந்தால் உப்புக்காற்று தகட்டைக் கெதியாகத் தின்னும், தடித்ததாக வாங்குங்கள். ஆணிக்கு ரப்பர் வளையம் போடுங்கள். இருக்கும் பாசியை அது கொல்லாது, கழுவிய பிறகுதான் போட வேண்டும். பட்டி போட்ட சரிவின் தண்ணீர் டாங்கிக்குப் போனால் அதைச் செடிக்கு மட்டும் பாவியுங்கள்.

பாஸ் ஆட்களோடு வேலைக்கு முன் பேசவேண்டியவை: சரிவில் ஏறுவதென்றால் இடுப்பு மட்டும் கட்டும் கயிறு போதாது, முழு உடல் பெல்ட் வேண்டும். கயிறு மறுபக்கத்தில் அசையாத தூணிலோ கொங்கிரீட்டிலோ கட்டப்பட வேண்டும், பீலியிலோ பைப்பிலோ அல்ல. மருந்து பட்ட அல்கா சவர்க்காரத்தை விட வழுக்கும், நனைந்த சரிவில் ஒருவரும் கால்வைக்கக் கூடாது. ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே, விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டு நிற்க வேண்டும். மின்சாரக் கம்பி கூரை விளிம்போடு வீட்டுக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்தில் அலுமினிய ஏணியும் கூடாது, தண்ணீர் பீய்ச்சுவதும் கூடாது. கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை. ஸ்பிரே செய்பவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். வேலை முடிந்து ஸ்பிரேயரில் வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு தடவை அடித்துவிடாவிட்டால் ரப்பர் சீல் கெட்டு அடுத்த தடவை முதுகில் ஒழுகும்.

குசினிச் சீற்:

பீலியை மறந்திடாதேங்கோ. செத்த பாசி அடுத்த சில கிழமைக்குக் கழண்டு கழண்டு வந்து பீலி வளைவிலயும் டவுன்பைப் வாயிலயும் அடைக்கும். தண்ணி தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில ஏறிப் பார்க்கிற இடங்களில பீலியும் ஒண்டு. கழுவின பிறகு ஒவ்வொரு பெருமழைக்கும் அடுத்த நாள் ஒருக்கால் பாருங்கோ, டவுன்பைப் வாயில கம்பிவலைக் கூடை ஒண்டு போட்டால் அள்ளுறது சுகம்.